கம்பெனி டின்னரில் ஆங்கிலப் பாட்டு: நாற்பதைத் தாண்டியவர்கள் எதைப் பாடுவது?

11 பிப்ரவரி 2024, கேள்வி

எனக்கு வயது 46. சிங்கப்பூரில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மார்ச் மாதம் கம்பெனி டின்னர் அண்ட் டான்ஸ். இந்த முறை பிரிவுக்கு ஒருவர் கராவோக்கே பாடியாக வேண்டும் என்று சொல்லி, என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தமிழ்ப் பாட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாடுவேன். ஆனால் ஹாலில் சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, மியன்மார்க்காரர் என்று எல்லாரும் இருப்பார்கள், ஆங்கிலம்தான் எடுபடும். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' முழுக்க மனப்பாடம், நன்றாகவும் வரும். அதையே பாடிவிடலாம்தானே?

11 பிப்ரவரி, இரவு 10.40

வேண்டாம்.

11 பிப்ரவரி, இரவு 11.15

ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் எப்படி என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். சரி, காரணம் இதுதான். அந்தப் பாட்டு ஆறரை நிமிடம். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே ஏறக்குறைய ஐம்பது விநாடி கிட்டார் ஓடும். பாடி முடித்த பிறகு இன்னும் இரண்டு நிமிடம் கிட்டார். அற்புதமான வாசிப்பு, அதில் சண்டையே இல்லை, ஆனால் கராவோக்கே மேடையில் அந்த இரண்டு நிமிடமும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது நீங்கள். முதலில் தலையை ஆட்டுவீர்கள். அப்புறம் கையில் இல்லாத கிட்டாரை வாசிப்பீர்கள். அப்புறம் உங்கள் பிரிவுக்காரர்களே கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

நன்றாக வரும் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். நன்றாக வரும் பாட்டு வேறு, கூட்டத்துக்குப் பிடிக்கும் பாட்டு வேறு.

13 பிப்ரவரி

கேட்டவர் கொஞ்சம் மனம் உடைந்து போயிருக்கிறார் போல. விரிவாகவே எழுதுகிறேன், எனக்கும் இது பிடித்த விஷயம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் வாராவாரம் பாடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி, ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, அலுவலக டின்னர்களும் கணக்கில்லாமல் பார்த்தாயிற்று.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். கூட்டத்துக்கு அந்தப் பாட்டில் ஒரு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு இருக்கிற வேலை இரண்டாம்பட்சம்.

'ஸ்வீட் கேரலைன்' எடுத்துக்கொள்ளுங்கள். நீல் டைமண்ட் 1969இல் பாடியது. பல்லவியில் பெயரைக் கூப்பிட்டதும் பித்தளை வாத்தியம் மூன்று தடவை முழங்கும் பாருங்கள், பாடகருக்கு அங்கே ஒன்றுமே இல்லை, அது கூட்டத்துக்கு என்றே விட்ட இடம் மாதிரி ஆகிவிட்டது. பாஸ்டனில் ரெட் சாக்ஸ் பேஸ்பால் ஆட்டங்களில் 2002இலிருந்து எட்டாவது இன்னிங்ஸில் தவறாமல் போடுகிறார்கள், முப்பதாயிரம் பேர் அந்த மூன்று முழக்கத்தையும் வாயால் கத்துகிறார்கள். 2021இல் யூரோ கோப்பையின்போது வெம்ப்ளியில் இங்கிலாந்து ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள், அதற்குப் பிறகு இங்கே உட்கார்ந்து கால்பந்து பார்க்கிற பையன்களுக்குக் கூட மனப்பாடம். சரணம் எல்லாம் முனகல் மாதிரி கீழேயே போகும், சராசரி ஆண் குரலுக்குக் கஷ்டமில்லை. சரணத்தில் நீங்கள் தடுமாறினால்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் எல்லாரும் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

'ஹோட்டல் கலிஃபோர்னியா'வில் கூட்டத்துக்கு என்ன வேலை? கேட்பது மட்டும்.

14 பிப்ரவரி

'லிவின் ஆன் எ ப்ரேயர்' பாடச் சொல்லி ஒருவர் ஆலோசனை கொடுத்திருக்கிறார். கூட்டத்துக்கு வேலை இருக்கிறது, சரிதான். ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. கடைசிப் பல்லவியில் அந்தப் பாட்டின் சுருதி திடீரென்று ஒன்றரைக் கட்டை ஏறும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 5 கட்டையில் போய்க்கொண்டிருந்தது 6½ கட்டைக்குத் தாவும். அதைப் பதிவு செய்தபோது ஜான் பான் ஜோவிக்கு 24 வயது. நமக்கு?

இந்தச் சுருதி ஏற்றம்தான் நடுவயதுக்காரர்களின் முதல் எதிரி. 80, 90களின் பாட்டுகளில் பாதியில் இது ஒளிந்திருக்கும். 'ஐ வான்ட் இட் தட் வே' கடைசியில் ஒரு கட்டை ஏறும். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வில் விட்னி ஹூஸ்டன் ஒரு விநாடி நிறுத்துவார், டிரம் ஒரே ஒரு அடி விழும், அடுத்த வரி ஒரு கட்டை மேலே. 'மை ஹார்ட் வில் கோ ஆன்' இன்னும் மோசம், இரண்டு கட்டை. குளியலறையில் நாம் முதல் சரணத்தையும் பல்லவியையும்தான் பாடிப் பழகியிருப்போம், அது சுகமாக வந்துவிடும், மேடையில்தான் கடைசிப் பல்லவியை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்திப்போம்.

அதனால் எந்தப் பாட்டாக இருந்தாலும் வீட்டில் கடைசிப் பல்லவியிலிருந்து பாடிப் பாருங்கள். அது தொண்டைக்குள் அடங்கினால் மேலே யோசிக்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பாட்டை மூடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

14 பிப்ரவரி, இன்னொன்று

'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' பற்றிக் கேட்டவருக்கு: அதில் தலைப்பு வரியே பாட்டின் கடைசி ஐம்பது விநாடியில்தான் வரும். அதுவரை மூலத்தில் பாடிய ஸ்டீவ் பெர்ரியின் உயரத்தில் நீங்கள் தனியாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும், கூட்டம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஹாலில் பிலிப்பினோக்கள் நிறைய என்றால் இன்னொரு சங்கடம். அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர்களான ஜர்னி குழுவே 2007இல் யூடியூபில் பார்த்து ஆர்னெல் பினேடாவைப் பாடகராக எடுத்துக்கொண்டது, அவர் மணிலாக்காரர். ஒவ்வொரு மேசையிலும் அதை உங்களைவிட நன்றாகப் பாடக்கூடிய ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

17 பிப்ரவரி

சுருதியை இறக்கிப் பாடினால் கேவலமாக நினைக்க மாட்டார்களா என்று கேள்வி வந்திருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது? கராவோக்கே இயந்திரத்தில் 'கீ' என்று இரண்டு பொத்தான் இருக்கும், ஒரு தடவை அழுத்தினால் அரைக்கட்டை இறங்கும் அல்லது ஏறும். நான் எல்லாப் பாட்டுக்கும் அதைத்தான் முதலில் தேடுவேன். இரண்டு மூன்று அழுத்து வரை சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. நாலு ஐந்து தாண்டினால் வாத்தியங்கள் தூக்கத்தில் வாசிப்பது போல ஆகிவிடும், அப்போது வேறு பாட்டு பார்ப்பதே நல்லது. வீட்டில் யூடியூபில் பழகுகிறவர்கள் பாட்டின் பெயரோடு 'லோயர் கீ' என்று சேர்த்துத் தேடுங்கள், இறக்கிய டிராக்கே நிறையக் கிடைக்கும். உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, டின்னர் அன்றைக்கு ஒலிப்பெட்டியைக் கவனிக்கிற பையனிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதவிடாய் நிற்கிற வயதில் குரல் கொஞ்சம் தடிக்கும், மேல் ஸ்தாயி கையைவிட்டுப் போகும். எனக்குப் போய்விட்டது. முப்பது வயதில் 'டான்சிங் குவீன்' அனாயாசமாகப் பாடியவள், இப்போது அதைப் பாடினால் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். அப்புறம்தான் கேரன் கார்பெண்டரிடம் வந்து சேர்ந்தேன். அவர் குரல் பெண் குரல்களில் கீழ்க்குரல், அவருடைய பாட்டின் அழகே கீழ் ஸ்வரங்களில்தான் இருக்கிறது. 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்', 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' இரண்டுமே 1973இல் உச்சத்தில் இருந்தவை, இந்தப் பக்கத்து நாடுகளில் இன்னும் தேயவில்லை. சீன அம்மாக்கள், மலாய் அக்காக்கள், பங்களாதேஷ் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். 'டாப் ஆஃப் த வேர்ல்ட்' மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், கைதட்டத் தோதான தாளம்.

இன்னொரு வழி, ஆண்கள் பாடிய பாட்டை அப்படியே எடுத்துக்கொள்வது. ஜானி கேஷின் 'ரிங் ஆஃப் ஃபயர்' எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். இரண்டரை நிமிடம், சின்ன வீச்சு, நடுவே டிரம்பெட். அந்த டிரம்பெட்டையும் கூட்டம் பாடிக் கொடுத்துவிடும்.

19 பிப்ரவரி

இல்லை, எக்கோவைக் கூட்டினால் சுருதி சேராது. தப்பான ஸ்வரம் இரண்டு தடவை கேட்கும், அவ்வளவுதான்.

22 பிப்ரவரி

கேட்டவர் உச்சரிப்பு பற்றிக் கவலைப்படுகிறார். "என் ஆங்கிலம் மதுரை ஆங்கிலம், சிரிப்பார்கள்" என்கிறார். தம்பி, உங்கள் ஹாலில் ஹாக்கியன் ஆங்கிலம், ஜோகூர் ஆங்கிலம், செபு ஆங்கிலம், யாங்கோன் ஆங்கிலம் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது, இதில் மதுரையைத் தனியாகக் கண்டுபிடித்துச் சிரிக்க யாருக்கும் நேரமில்லை. சிரிப்பு வருவது அமெரிக்காக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்றும்போதுதான்.

வார்த்தை வேகம்தான் உண்மையான பிரச்சினை. திரையில் எழுத்து நிறம் மாறிக்கொண்டே ஓடும், கண் பின்னால் ஓடும், மூச்சு அதற்கும் பின்னால் ஓடும். 'வீ டிட்ன்ட் ஸ்டார்ட் த ஃபயர்' மாதிரி பெயர்ப்பட்டியல் பாட்டெல்லாம் பக்கத்தில் போகாதீர்கள். கென்னி ராஜர்ஸின் 'த கேம்ப்ளர்' நல்ல வழி, 1978இல் வந்தது. பாடுவது பாதி, கதை சொல்வது பாதி. நடுவில் அரைக்கட்டை ஏறும், ஆனால் ஏறுவதே தெரியாது. பல்லவி வந்ததும் ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாரும் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்புவார்கள். முப்பது வயதுக்காரர்களுக்குத் தெரியுமா என்பது சந்தேகம், அதைப் பற்றி அப்புறம்.

25 பிப்ரவரி

பொருள் தெரியாமல் பாடுவது பற்றி யாரோ வம்புக்கு இழுத்திருக்கிறார்கள், இதை விட முடியாது.

ஒரு கல்யாண ஆண்டு விழாவில் கணவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு 'கேர்லெஸ் விஸ்பர்' பாடினார். சாக்ஸபோன் அப்படி உருகும், யாருக்கு வரியைக் கவனிக்கத் தோன்றும்? பாட்டில் இருப்பது துணைக்குத் துரோகம் செய்துவிட்டுக் குற்ற உணர்வில் புலம்புகிற ஆள். அந்தம்மா ஆங்கில ஆசிரியை, கேக் வெட்டும்போதும் முகம் சரியாக இல்லை. 'எவ்ரி பிரெத் யூ டேக்' காதல் பாட்டு என்று நினைத்துப் பாடுகிறார்கள், ஒருத்தியை விடாமல் வேவு பார்க்கிறவன் பாட்டு அது. 'டிலைலா' கொலைப் பாட்டு. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பிரிந்து போகிறவள் பாட்டு. டாலி பார்ட்டன், தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் நிகழ்ச்சியை விட்டு விலகும்போது எழுதியது, அதாவது நாகரிகமான ராஜினாமாக் கடிதம். ஆபீஸ் டின்னரில் பாடினால் எச்.ஆர். காதில் எப்படி விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'மை வே' கேட்டவருக்கும் இதே பதில்தான். ஓய்வு பெறுகிற நிர்வாக இயக்குநர் பாடினால் கண்ணீர் வரும். கணக்குப் பிரிவுக்காரர், எல்லாவற்றையும் என் இஷ்டப்படிதான் செய்தேன் என்று பாடினால் ஆடிட்டர் வருவார். தவிர பிலிப்பீன்ஸில் அந்தப் பாட்டுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. கராவோக்கே கடைகளில் அதைப் பாடியதை ஒட்டி நடந்த சண்டைகளில் பத்து வருஷத்தில் ஆறு பேராவது செத்திருப்பார்கள் என்று 2010இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. சில கடைகள் பட்டியலிலிருந்தே பாட்டை எடுத்துவிட்டன. என்னோடு வேலை பார்த்த பிலிப்பினோ நண்பர் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் விளையாட்டாக மேசைக்கு அடியில் குனிவார்.

2 மார்ச்

எழுதியதையெல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்தேன். கூட்டத்துக்கு வேலை, கூட்டத்துக்கு வேலை என்று நான் சொல்வது பெரிய ஹாலுக்குத்தான் பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது. கேடிவி அறையில், அதாவது வாடகைக்கு எடுத்துப் பாடுகிற தனிக் கராவோக்கே அறையில், ஆறு பேர் சோபாவில் நெருக்கி உட்கார்ந்திருக்கும்போது கதை வேறு. அங்கே 'ரைட் ஹியர் வெய்ட்டிங்' மாதிரி மெதுவான பாட்டை யாராவது அடக்கமாகப் பாடினால் அறையே அமைதியாகிவிடும், அதுவும் கூட்டத்துக்குப் பிடித்ததுதான். அதே பாட்டை முப்பது மேசை போட்ட பால்ரூமில் பாடிப் பாருங்கள், கரண்டிச் சத்தம்தான் பின்னணி இசை.

பால்ரூமில் நேரமும் முக்கியம். மீன் மேசைக்கு வரும் நேரம் யார் பாடினாலும் எடுபடாது, எல்லாரும் தலையைக் குனிந்திருப்பார்கள். பெரிய பரிசுக் குலுக்கல் முடிந்த பிறகு பாடவே கூடாது, பாதிக் கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும். சூப்புக்கும் மீனுக்கும் இடையில், அல்லது முதல் பரிசு அறிவிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். ஏற்பாட்டுக் குழுவில் யாரையாவது இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டின்னரில் பார்த்தது. மலேசியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிற ஒரு ஃபோர்க்லிப்ட் ஓட்டுநர், ஐம்பது சொச்சம் வயது, நல்ல உடம்பு, இரவல் கோட்டு, கை நீளம் பத்தவில்லை. மேடைக்கு வந்து திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், வரி பார்க்கவே இல்லை. 'கன்ட்ரி ரோட்ஸ்'. சுருதி கொஞ்சம் கீழே தொங்கியது, தாளமும் அப்படி இப்படி. ஆனால் பல்லவி வருவதற்கு ஒரு மூச்சு முன்னால் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார், நீட்டிவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். கிடங்குப் பையன்கள் மேசையில் சாப்ஸ்டிக்கால் தட்ட ஆரம்பித்தார்கள், அடுத்த மேசை பிடித்துக்கொண்டது, நிதி இயக்குநர் அம்மா வாயில் கத்தரிக்காயோடு பாடினார். அந்த மனிதர் மொத்தத்தில் பாதிப் பாட்டுதான் பாடியிருப்பார். அவருக்கு முன்னால் 'அன்செயின்ட் மெலடி'யின் உச்ச ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடித்த பெண்ணின் முகம் எனக்கு நினைவே இல்லை.

3 மார்ச்

வயது வித்தியாசம் பற்றி அப்புறம் எழுதுகிறேன் என்றேன் அல்லவா. பதினைந்து வயதில் ரேடியோவில் கேட்டது சாகும்வரை போகாது, 50 வயதுக்காரருக்கு அது 1989 வாக்கில். கீழே இருபத்தைந்து வயதுப் பையன்கள் பாதிக் கூட்டம் என்றால் இரண்டாம் பிறவி எடுத்த பாட்டாகப் பாருங்கள். ஆபா (ABBA) குழுவை மாமா மியா என்கிற 2008 படம் திரும்பக் கொண்டுவந்தது, குவீன் குழுவை 2018இல் வந்த படம். 'ஐ வில் சர்வைவ்' 1978இல் இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்த பாட்டு, இன்று அதைத் தெரியாத பெண்ணே இல்லை. அதில் ஒரே கார்ட் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசைதான் முதலிலிருந்து கடைசி வரை சுற்றிச் சுற்றி வரும், எங்கேயாவது வழி தப்பினாலும் அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் குவீன் என்றதும் 'போஹீமியன் ராப்சடி' என்று குதிக்காதீர்கள். ஆறு நிமிடம், நடுவில் ஓபரா. 'வீ வில் ராக் யூ' போதும், இரண்டு நிமிடம், கூட்டத்துக்குத் தட்டு தட்டு கைதட்டு என்று முழுநேர வேலை.

9 மார்ச்

கடைசியில் 'ஸ்வீட் கேரலைன்', 'கன்ட்ரி ரோட்ஸ்' இரண்டில் வந்து நிற்கிறார். எனக்கு 'கன்ட்ரி ரோட்ஸ்'. ஜான் டென்வர் 1971இல் பாடியது, 2014இல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாட்டுகளில் ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதைப் பாடும்போது யாருக்கும் மேற்கு வர்ஜீனியா ஞாபகம் வருவதில்லை. நம் ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் வேறு ஊரை விட்டு வந்தவர்கள், ஈப்போவோ இலோய்லோவோ மாண்டலேயோ அவரவர் ஊர் கண்ணுக்கு முன்னால் வரும். மூன்று நிமிடம். சீக்கிரமே பல்லவி வந்துவிடும். டென்வர் குரல் உயரம், அதனால் ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டை இறக்குங்கள். நடுவில் ரேடியோ பற்றி வரும் பகுதி மட்டும் மேலே போகும், வார்த்தையும் நெருக்கம், அதை மட்டும் தனியாக நூறு தடவை பாடிப் பழகுங்கள்.

18 மார்ச்

செய்தி பார்த்தீர்களா? ஷிகெய்ச்சி நெகிஷி காலமாகிவிட்டார், 100 வயது. இறந்தது ஜனவரியில், வெளியே தெரிந்தது இப்போதுதான். 1967இல் டோக்கியோவில் முதல் கராவோக்கே பெட்டியைச் செய்தவர். மனிதர் வேலைக்கு வரும்போது பாடிக்கொண்டே வருவாராம், கூட வேலை பார்த்தவர் கேலி செய்தாராம், பின்னால் வாத்தியம் இருந்தால் நானும் நன்றாகத்தான் பாடுவேன் என்று ரோஷப்பட்டுச் செய்ததுதான் அந்தப் பெட்டி.

கோபேயில் டைசுகே இனோவே 1971இல் தனியாக ஒன்று செய்தார், நெகிஷியைப் பற்றி அவருக்குத் தெரியாது. மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாட இவர் கீபோர்டு வாசிப்பவர். ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட, போக முடியாமல், அந்த ஆளின் குரலுக்குத் தோதாக வாத்தியத்தை மட்டும் டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். சுருதியை இறக்கலாமா என்று இங்கே கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பாட வராத ஒரு நடுவயது முதலாளிக்குத் தோதாக இறக்கிக் கொடுத்ததிலிருந்துதான் இந்தத் தொழிலே ஆரம்பம். இனோவே காப்புரிமை வாங்கவில்லை, நெகிஷியும் வாங்கவில்லை. 2004இல் இனோவேவுக்கு, நோபலைக் கேலி செய்து கொடுக்கிற இக் நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள், ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள மனிதர்களுக்குப் புது வழி காட்டியதற்காக. காப்புரிமை வாங்கியவர் பிலிப்பீன்ஸின் ரொபெர்ட்டோ டெல் ரொசாரியோ. அந்த ஊர்க்காரர்கள் மைக்கைக் கீழே வைக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

24 மார்ச்

கேட்டவர் டின்னர் முடிந்து எழுதியிருக்கிறார், 'கன்ட்ரி ரோட்ஸ்'தான் பாடினாராம். ஒலிப்பெட்டிப் பையன் சுருதியை இறக்க மறந்துவிட்டானாம், எழுதிக் கொடுத்த காகிதம் அவன் சட்டைப்பையிலேயே இருந்ததாம். மூல சுருதியிலேயே ஆரம்பித்துவிட்டது. சரணத்தைக் கஷ்டப்பட்டுத் தள்ளினாராம், பல்லவியை மியன்மார் மேசை எடுத்துக்கொண்டதாம், ரேடியோ பகுதியைச் சும்மா பேசியே கடந்துவிட்டாராம். அது சரியான சமயோசிதம். எட்டாத ஸ்வரத்தைக் கத்துவதைவிடப் பேசிவிட்டுப் போவது எப்போதும் மேல்.

பரிசு கொள்முதல் பிரிவுக்குப் போனதாம். இரண்டு பேர் டைனோசர் வேஷத்தில் 'ரஸ்புட்டின்' ஆடினார்களாம். அதைப் பாடிய போனி எம் குழுவோடு மோத யாராலும் முடியாது.

31 மார்ச்

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. அப்பா அம்மாவைக் கேடிவிக்குக் கூட்டிப்போனால் என்ன பாடச் சொல்வது என்று ஒருவர் கேட்கிறார், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டதாம், ஆங்கிலம் கொஞ்சம்தான் வருமாம். 'கே செரா செரா' வைத்துக் கொடுங்கள். 1957இல் வந்த ஆரவல்லி படத்தில் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாடியது அந்த மெட்டுதான். எங்கள் மாமியார் ஆங்கிலத் திரையைப் பார்த்துக்கொண்டே தமிழ் வரியைப் பாடுவார், அளவு பிசகாது. பக்கத்து அறைச் சீனப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக் கூடவே பாடியிருக்கிறார், அவருக்கு எந்த மொழி வரியோ.

6 ஏப்ரல்

ஜோடிப் பாட்டு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' பாடுங்கள், கென்னி ராஜர்ஸும் டாலி பார்ட்டனும் 1983இல் பாடியது, எழுதியது பீ ஜீஸ் சகோதரர்கள். ஆண் வரி கீழே இருக்கும், பெண் வரியும் ரொம்ப மேலே போகாது. 'சம்மர் நைட்ஸ்' கூட்டத்துக்கு ரொம்பப் பிடிக்கும், இரண்டு பக்கமும் குறுக்குக் கேள்வி கேட்க அதில் இடம் உண்டு, ஆனால் கடைசி ஸ்வரத்தை ஆண் பொய்க்குரலில் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இல்லை. அந்த இடத்தில் மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

மைக் பற்றி ஒன்று: இரண்டு பேர் பாடும்போது ஒருவர் மைக் இன்னொருவர் பக்கத்து ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது, மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவும் கூடாது, வீல் என்று கத்தும். தண்டைப் பிடியுங்கள், வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி.

6 ஏப்ரல், இரவு

ஏர் சப்ளை குழுவின் பாட்டுகளைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்டுவிட்டார்கள். 'ஆல் அவுட் ஆஃப் லவ்' தாராளமாகப் பாடுங்கள், பல்லவியை மொத்த அறையும் பாடும். கடைசியில் இழுக்கிற அந்த நீள ஸ்வரத்தை மட்டும் பிலிப்பினோ யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார், நீங்கள் கேட்பதற்கு முன்பே மைக்கை வாங்கியிருப்பார்.